காசியில் தங்குவதற்கு நான் கொடுத்த விலை

அப்பா இறந்து ஓராண்டு நிறைந்தபின், 2024 நவம்பரில், அம்மாவைக் காசிக்கும் கயாவுக்கும் அழைத்துச் சென்று செய்ய வேண்டிய காரியங்களைச் செய்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பயணத்தில் தங்கும் இடத்துக்காக மட்டும் 21,056 ரூபாயை இழந்தேன். செலவழித்தேன் என்று சொல்லாமல் இழந்தேன் என்று சொல்வதற்குக் காரணம், அந்தப் பணத்தில் பெரும்பகுதிக்கு எங்களுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான். அது அம்மா தெருவில் ஏலச்சீட்டுக் கட்டி, காசிக்கென்றே எடுத்து வைத்திருந்த ஐம்பதாயிரத்திலிருந்து போனது. எங்கள் வீட்டில் இதற்குமுன் யாரும் காசிக்குப் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல், எல்லாவற்றையும் கைப்பேசியில் நானே தேடி, நானே முடிவு செய்தேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தால் இதில் முக்கால் பங்கைத் தவிர்த்திருக்கலாம். வயதான பெற்றோருடன் வடக்கே போகத் திட்டமிடுவோருக்கு இது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தவறு ஊரிலிருந்தபோதே, திருவாரூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே நடந்துவிட்டது. அம்மா சஷ்டி விரதம் இருப்பவர். அந்த ஆண்டு சூரசம்ஹாரம் நவம்பர் 7-ஆம் தேதி வந்தது. அது முடிந்து சில நாட்களில் கிளம்பினால் நல்லது என்றார். அதன்படி நவம்பர் 11, திங்கட்கிழமை சென்னையிலிருந்து ரயிலுக்குப் பதிவு செய்தேன். 13-ஆம் தேதி காசி, மூன்று இரவுகள் அங்கே தங்கல், 16-ஆம் தேதி கயா என்று கணக்கு. நம் நாட்காட்டியில் அது ஐப்பசியின் கடைசி வாரம். நவம்பர் 15 ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். அதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் வடக்கே மாதங்களைச் சந்திரனைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். நமக்கு ஐப்பசியாக இருந்த அதே பௌர்ணமி அவர்களுக்குக் கார்த்திகைப் பௌர்ணமி. அன்றுதான் காசியில் தேவ தீபாவளி. படித்துறைகள் அனைத்திலும் மாலையில் லட்சக்கணக்கான அகல் விளக்குகளை ஏற்றும் நாள். நமக்குத் திருக்கார்த்திகை தீபம் அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்றுதான் வந்தது. தீபத்தன்று திருவண்ணாமலையில் அறை கிடைக்காது என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். காசியில் அதற்கு இணையான ஒரு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வயதான அம்மாவோடு போய் இறங்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நவம்பர் 12-ஆம் தேதி வந்த ஏகாதசியிலிருந்து அங்கே திருமண முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. நான்கு மாதம் நிறுத்தி வைத்திருந்த கல்யாணங்கள் அன்று முதல் வரிசையாக நடக்கும். மண்டபத்தோடு சேர்த்துச் சுற்றியுள்ள விடுதிகளையும் கல்யாண வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

எனவே என்னுடைய முதல் வேண்டுகோள், தேதியை முடிவு செய்வதற்கு முன் போகும் ஊரின் பஞ்சாங்கத்தைப் பாருங்கள் என்பதே. காசிக்குப் போவதென்றால் கார்த்திகைப் பௌர்ணமியையும் மகா சிவராத்திரியையும் நம் ஆடி, ஆவணியில் வரும் வடக்கத்திய சிராவண மாதத்துத் திங்கட்கிழமைகளையும் பார்க்க வேண்டும். கயாவுக்கு மகாளய அமாவாசைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்தான் உச்சம். பக்கத்திலேயே புத்த கயா இருப்பதால், குளிர்காலத்தில் பல நாடுகளிலிருந்து பௌத்தர்கள் வரும் நாட்களில் அங்கும் வாடகை ஏறிவிடும். பிரார்த்தனையே அந்த நாளுக்குத்தான் என்றால் வேறு வழியில்லை. எங்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் அதே அறைகள் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்திருக்கும் என்று அங்கே இருந்தவர்களே பிறகு சொன்னார்கள்.

தேதியை முடிவு செய்தபின், தங்குவதற்குச் சத்திரமே நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தவறில்லை. காசியில் தமிழர்கள் தங்குவதற்கு நம் முன்னோர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் மிகப் பழையவை. குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டிலேயே கேதார் காட் என்ற படித்துறையில் மடம் அமைத்தார். நகரத்தார் சத்திரம் 1863 முதல் இருக்கிறது. விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் இன்றும் அங்கிருந்து போகின்றன. நான் ஏமாந்தது இவற்றின் பெயரில் அல்ல. வேறொரு பழைய சத்திரத்தின் பெயரில். வரைபடச் செயலியில் அந்தச் சத்திரத்தின் பெயரைத் தட்டியதும் ஒரு கைப்பேசி எண் வந்தது. அழைத்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது எனக்கு. எத்தனை பேர், அம்மாவுக்கு என்ன வயது, மேற்கத்திய கழிப்பறை வேண்டுமா என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டார். ஒரு நாளைக்கு 1,400 வீதம் மூன்று நாளுக்கு 4,200 ரூபாயை முழுவதும் முன்பணமாக அனுப்பினால்தான் அறையை ஒதுக்க முடியும் என்றார். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மீண்டும் அழைத்து, தொகை வந்துவிட்டது, ஆனால் கணினியில் ரசீது உருவாகவில்லை, இன்னொரு முறை அதே தொகையை அனுப்புங்கள், முதலில் வந்தது தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும் என்றார். அதையும் அனுப்பினேன். மொத்தம் 8,400 ரூபாய். மாலையில் சத்திரத்தின் கோபுரப் படம் போட்ட ஒரு ரசீதும் வந்தது. இரண்டாவது தொகை திரும்பி வரவில்லையே என்று கேட்டபோது, ஏழு வேலை நாட்கள் ஆகும் என்றார். பிறகு நேரில் வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார். நானும் நம்பினேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால் நான் நின்று யோசித்திருக்க வேண்டிய இடங்கள் எத்தனையோ இருந்தன. பணம் அனுப்பும்போது திரையில் வந்த பெயர் ஒரு தனி மனிதருடையது. அறக்கட்டளையின் பெயர் அல்ல. அதை நான் பார்த்தேன், மேலாளராக இருப்பார் என்று நானே ஒரு காரணத்தையும் கற்பித்துக்கொண்டேன். வரைபடச் செயலியில் இருக்கும் தொலைபேசி எண்ணை வெளியாட்கள் திருத்தப் பரிந்துரைக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. பணத்தை மறுபடியும் அனுப்பச் சொல்வது எந்த இடத்திலும் நடக்காத ஒன்று. அந்தச் சொல் வந்தவுடனேயே அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். சத்திரமோ மடமோ எதுவானாலும் அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தலைமை இடமோ அலுவலகமோ பெரும்பாலும் இருக்கும். அங்கே நேரில் போய்க் கேளுங்கள், அல்லது ஏற்கனவே அங்கே தங்கி வந்தவரிடமிருந்து எண்ணை வாங்குங்கள். யாருக்கு இடம் தருவார்கள், எத்தனை நாள் தருவார்கள், முன்பணம் எப்படி வாங்குவார்கள் என்பதையெல்லாம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் சொன்னால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் அழைத்தது பணம் அனுப்பி ஒரு மாதத்துக்குப் பிறகு; அதற்குள் அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமில்லை.

ரயில் மிகவும் தாமதமாகி, 13-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் காசி போய்ச் சேர்ந்தது. நிலையத்திலிருந்து ஆட்டோவில் கோதோலியா வரை வந்தோம். அதற்கு மேல் வண்டி போகாது. ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் அம்மாவையும் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டுச் சத்திரத்தை அடைந்தேன். உள்ளே மேசையில் இருந்த பெரியவர் என் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இந்த மாதத்தில் இப்படி வரும் நான்காவது ரசீது இது என்றார். அறை எதுவும் காலியில்லை. சிறிது நேரம் கூடத்தில் உட்கார இடம் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது, தெருமுனையில் நின்ற ஒரு ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நல்ல அறை இருக்கிறது, மூவாயிரம்தான் என்று அழைத்துப் போனார். விடுதியில் போய் நின்றதும் அது 4,500 ஆகிவிட்டது. அம்மாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை என்பது கவுன்டரில் இருந்தவருக்கும் தெரிந்தது. வரி 12 சதவீதம் என்று 540 ரூபாயைச் சேர்த்து 5,040 வாங்கினார். ரசீது கேட்டபோது காலையில் தருகிறேன் என்றார். சன்னல் இல்லாத அறை. இரவு பதினொரு மணிக்குப் படுத்தோம். காலை ஒன்பதரைக்கே கதவைத் தட்டி, பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு நாள் வாடகை என்றால் இருபத்து நான்கு மணி நேரம் என்று நான் எண்ணியிருந்தேன். ரசீது கடைசிவரை வரவில்லை.

இரவில் போய்ச் சேரும்படி நேர்ந்தால், அன்றைய இரவைக் கடத்துவதற்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியேறாமல் இருப்பதே நல்லது என்பதை இந்தச் செலவு எனக்குக் கற்றுக் கொடுத்தது. ரிட்டயரிங் ரூம் எனப்படும் ஓய்வறைகளைப் பற்றி அப்போது எனக்குக் கேள்விதான், அதுவரை பயன்படுத்தியதில்லை. பயணச்சீட்டு உறுதியாகி இருந்தாலோ ஆர்ஏசியில் இருந்தாலோ அதன் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு, ஏறும் நிலையத்திலோ இறங்கும் நிலையத்திலோ ஐஆர்சிடிசி வழியாக முன்பதிவு செய்யலாம். 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று கணக்கு. அதிகபட்சம் 48 மணி நேரம் வரை கிடைக்கும். தனி அறையும் உண்டு, படுக்கை மட்டும் தரும் பொதுக்கூடமும் உண்டு. இடங்கள் குறைவு என்பதால் பயணச்சீட்டு எடுத்த கையோடு இதையும் எடுத்துவிட வேண்டும். நான் அப்படிச் செய்திருந்தால், அன்று இரவு ரயில் எத்தனை மணிக்கு வந்தாலும் அம்மா அங்கேயே போய்ப் படுத்திருப்பார். வேறு வழியின்றி வெளியே விடுதிக்குத்தான் போக வேண்டுமென்றால், ஆட்டோக்காரர் அழைத்துப் போகும் விடுதியில் அவருக்கான பங்கும் உங்கள் வாடகைக்குள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அறையைப் பார்க்கும் முன் காலி செய்யும் நேரம் என்ன என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு எண் அச்சிட்ட ரசீது தராத விடுதிக்கு வரி என்று தனியாக வாங்கும் உரிமை கிடையாது. இதை அப்போதே தெரிந்து வைத்திருந்தால் அந்த 540 ரூபாயையாவது கொடுக்க மறுத்திருப்பேன்.

14-ஆம் தேதி காலை, தேநீர்க் கடை பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, கைப்பேசியில் அறை தேடினேன். ஒன்பதாயிரம், பன்னிரண்டாயிரம் என்று விலைகள் நின்றன. அப்போதுதான் தேவ தீபாவளி என்ற பெயரையே முதன்முதலாகப் படித்தேன். எனக்கு உடல் சில்லிட்டுப் போனது. அவற்றுக்கிடையே 6,800 ரூபாய்க்கு ஓர் அறை தெரிந்தது: கங்கை தெரியும், படித்துறை மிக அருகில், காலை உணவு உண்டு. வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் பணத்தைக் கட்டினேன். வரியோடு சேர்த்து 7,616 ரூபாய். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று சிறிய எழுத்தில் இருந்ததைக் கட்டிய பிறகுதான் பார்த்தேன். பார்த்திருந்தாலும் கட்டியிருப்பேன் என்பதே உண்மை.

அந்த விடுதிக்குப் போகும் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சந்திலிருந்து விடுதி வாசலுக்கே 22 படிகள். அறை மூன்றாம் மாடியில். அதற்கு 64 படிகள். லிஃப்ட் இல்லை. அந்தப் படிகள் பழைய காசி வீடுகளுக்கே உரியவை. ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு இருந்தது, பிடித்துக்கொள்ளச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்து வாசல் வரை ஏறினார். உள்ளே பதினைந்து படிகளோ இருபது படிகளோ ஏறியபின் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலே இருந்து இறங்கி வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் எங்களைத் தாண்டிப் போக முடியாமல் காத்து நின்றார். கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுங்கள் என்று கேட்டேன், இல்லை என்றார்கள். அப்படியென்றால் பணத்தில் பாதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். செயலியில் கேளுங்கள் என்றார்கள். செயலியில் கேட்டதற்கு விடுதி ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்று பதில் வந்தது. இப்படி இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் அம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவர்தான் சொன்னார்: “போதும் தம்பி, விடு. ஒங்கப்பா இருந்திருந்தா ஸ்டேஷன்லயே துண்ட விரிச்சுப் படுத்திருப்பாரு. நாம ஆத்தப் பாக்கத்தான வந்தோம். கங்கைக்கிப் போவோம் வா.” நான் அழுதுவிட்டேன். பணத்துக்காக அழுதேனா, அப்பாவை நினைத்து அழுதேனா என்று தெரியவில்லை. அம்மாவைக் கைபிடித்து மெதுவாகக் கீழே இறக்கிக் கூட்டி வந்தேன்.

ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, தமிழ் பேசுவோர் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்த அனுமான் காட் பக்கம் போனோம். அங்கே ஒரு சந்தின் தொடக்கத்திலேயே சுவரில் தமிழ் எழுத்துகளைப் பார்த்ததும் எனக்கு உண்டான ஆறுதலை எழுதிக் காட்ட என்னால் முடியாது. புரோகிதம் செய்யும் ஒரு குடும்பத்தின் வீடு அது. காரியத்துக்கு வருவோர் தங்கக் கீழே மூன்று அறைகள் வைத்திருந்தார்கள். மூன்றும் நிரம்பியிருந்தன. அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அம்மா, சாமான்கள் வைத்திருந்த உள்ளறையை ஒதுக்கிக் கொடுத்தார். தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய். இரண்டு வேளைச் சாப்பாடும் காப்பியும் அதற்குள்ளேயே அடக்கம். இரண்டு நாளுக்கு இரண்டு பேருக்குமாக 2,000 ரூபாய். மறுநாள் மாலை படித்துறையில் விளக்கேற்றும்போது அவர்களே அம்மாவுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி அம்மா ஐந்து அகல்களை ஏற்றினார்.

இந்த இரண்டு நாட்களில் அங்கே வருவோர் போவோரிடம் பேசித் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். செயலியில் அறை பார்க்கும்போது படங்களை விட, முன்பு தங்கியவர்கள் எழுதியதைப் பாருங்கள். அதிலும் படி, மாடி, லிஃப்ட், சந்து, வண்டி ஆகிய சொற்கள் வரும் இடங்களைத் தேடிப் படியுங்கள். படித்துறைக்கு முந்நூறு மீட்டர் என்றால் அது வரைபடத்தில் கோடு போட்ட தூரம். ஏறி இறங்கும் தூரம் அதில் சேராது. முதல் திரையில் தெரியும் விலை பெரும்பாலும் வரி சேராதது. கடைசித் திரை வரை போய் முழுத் தொகையைப் பார்த்தபின்தான் இரண்டு அறைகளை ஒப்பிட வேண்டும். அப்போது 7,500 ரூபாய் வரை 12 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வரி. 8,000 ரூபாய் அறைக்கு 9,440 கொடுக்க வேண்டியிருந்தபோது, 7,400 ரூபாய் அறைக்கு 8,288 தான் ஆகும்; அறுநூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்றும் பழைய கணக்கில் யாராவது 12 கேட்டால் கொடுக்க வேண்டாம். விழா நாட்களில் விடுதியில் வந்து பணம் கட்டலாம் என்ற வசதியோடு பதிவு செய்தால் பணம் தப்பும். ஆனால் அதிக விலை கொடுக்க ஆள் வந்தால் அந்தப் பதிவை விடுதி மதிக்காமல் போகவும் கூடும். அதனால் பதிவு செய்தபின் ஒரு முறையும் கிளம்பும் அன்று ஒரு முறையும் விடுதிக்கே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிலையத்தை ஒட்டிய பகுதியில் வாடகை குறைவு என்று அங்கே எடுப்பவர்களும் உண்டு. சாதாரண நாட்களில் அது சரியான முடிவுதான்; நான்கைந்து கிலோமீட்டர் ஆட்டோவில் வந்து போகலாம். விழா நாளில் வெகு தூரத்துக்கு முன்னாலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், நடக்க முடியாதவர்களை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யக் கூடாது.

கயாவில் எதுவும் கெடவில்லை. செயலியில் 1,800 ரூபாய் என்று காட்டிய ஒரு விடுதியின் பெயரைப் பார்த்துக்கொண்டு, அதன் சொந்த இணையப் பக்கத்திலிருந்த எண்ணுக்கு நேரடியாக அழைத்தேன். செயலிகளுக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் மிச்சமாவதால், கேட்டால் குறைப்பார்கள் என்று காசி வீட்டில் சொல்லியிருந்தார்கள். கேட்டேன், 1,400 என்றார்கள். முன்பணம் கேட்கவில்லை. தரைத்தள அறையா, குளியலறைக்குள் படி இருக்கிறதா, காலி செய்யும் நேரம் என்ன என்ற மூன்றையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொண்டேன். எழுத்தில் இருந்ததால், போய் இறங்கியபோது முதலில் மாடி அறையைக் காட்டியவர்கள், நான் அதைக் காட்டியதும் மறுபேச்சின்றிக் கீழ் அறைக்கு மாற்றினார்கள். விஷ்ணு பாதக் கோயிலிலும் பல்கு நதிக் கரையிலும் காரியங்கள் முடிந்தன. 18-ஆம் தேதி காசி திரும்பி, இரவு ரயிலுக்கு ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பும் பயணச்சீட்டின் எண்ணைக் கொண்டு நிலையத்திலேயே 12 மணி நேரத்துக்கு ஓய்வறை எடுத்திருந்தேன். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே ஆனது. அம்மா குளித்து, காலை நீட்டிப் படுத்து, நன்றாகத் தூங்கினார்.

வீட்டுக்கு வந்தபின் கணக்குப் பார்த்தேன். போலிச் சத்திரத்துக்கு 8,400, முதல் இரவுக்கு 5,040, ஏற முடியாத அறைக்கு 7,616. அம்மாவிடம் மொத்தத்தைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் ஒப்பவில்லை, சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சீட்டை மறுபடி கட்டலாம் என்றார். நான் அவருக்கு மாதந்தோறும் 2,000 ரூபாய் வீதம் கொடுத்து ஈடுசெய்தேன். அவர் அதையும் சீட்டில்தான் போட்டார்.

அண்மையில் சித்தப்பாவும் சித்தியும் காசிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்தார்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, எந்த விடுதி நல்லது என்று கேட்டு வந்தார்கள். நான் என் கைப்பேசியில் இருந்த எண்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளேயிருந்து அம்மா அனுமான் காட் வீட்டின் எண் எழுதிய தன் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, சித்தப்பாவின் கைப்பேசியிலேயே அந்த எண்ணைப் போடச் சொன்னார். மறுமுனையில் எடுத்ததும், நலம் விசாரித்துவிட்டு, அம்மா கேட்ட முதல் கேள்வி: “ரூமு எந்தப் பக்கம்? எத்தனை படி?”